ஏழு வருஷத்து ஃபியட்

இன்றைக்கு நீங்கள் கார் வாங்க முடிவு செய்தால் என்ன பிரச்னை வரும்? எதை வாங்குவது என்கிற பிரச்னைதான். டஜன் கணக்கில் மாடல்கள். ஒவ்வொரு மாடலிலும் ஏழெட்டு தினுசுகள். அப்புறம் பெட்ரோலா, டீசலா, பேட்டரியா என்று வீட்டுக்குள் ஒரு பட்டிமன்றம். ஷோரூமில் கால் வைத்தால் காபி கொடுத்து உட்கார வைக்கிறார்கள். பணத்தைக்கூட நீங்கள் தேடிப் போக வேண்டாம். பக்கத்து மேஜையிலேயே பேங்க்காரர் ஃபாரத்தை நிரப்பிக்கொண்டிருப்பார்.

உங்கள் தாத்தாவுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அவர் காலத்தில் இருந்ததே மூன்று கார்கள். அம்பாஸடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். மூன்றில் ஒன்றைக் காட்டிவிட்டுப் பணத்தைக் கட்டினால் தீர்ந்தது. எத்தனை சுலபம்!

அதுதான் இல்லை. பணம் கட்டுவது சுலபம். கார் வருவதுதான் கஷ்டம். எந்தக் கார் என்று அவர் யோசிக்கவில்லை. எத்தனை வருஷம் என்று யோசித்தார்.

சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அண்ணன், தங்கை, தம்பி. அண்ணனுக்கும் தங்கைக்கும் எழுபது தாண்டிவிட்டது. தம்பிக்கு அறுபத்தைந்துக்கு மேல். அவர்களுடைய அப்பா பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பேப்பர் மொத்த வியாபாரம் செய்தவர். வீட்டுக்கு வந்த முதல் கார் எது என்று கேட்டால் மூன்று பேரும் ஒரே குரலில் ஃபியட் என்பார்கள். ஏன் ஃபியட் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று கதை வரும்.

அண்ணன் சொல்வது இது: "அப்பாவுக்கு டிரைவர் வெச்சுக்க இஷ்டமில்லை. தானே ஓட்டணும். பெட்ரோலும் கம்மியா குடிக்கணும். அதனால ஃபியட்."

தங்கை சிரிப்பார். "அப்பா எங்க முடிவு பண்ணார்? முடிவு பண்ணது பாட்டியோட முழங்கால்."

தம்பிக்கு இரண்டுமே ஏற்பில்லை. "ஃபியட்டுக்குத்தான் மார்க்கெட். வாங்கின அன்னிக்கே வித்தாலும் லாபம். வியாபாரி வேற எதைப் பாப்பார்?"

வீட்டுக்கு வீடு இப்படித்தான். ஒரே சம்பவத்தை மூன்று பேர் மூன்று விதமாக ஞாபகம் வைத்திருப்பார்கள். ஆனால் இந்த மூன்று கதைகளையும் அந்தக் காலத்து சரித்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. மூன்றும் பொருந்துகின்றன!

முதலில் பாட்டியின் முழங்கால்.

அப்பா பெயர் பதிவு செய்தது 1962-ல். ஹெரால்ட் அப்போது புதுசு. முந்தைய வருஷம்தான் வந்திருந்தது. நம்ம ஊர்க் கார். சென்னைக்கு வெளியே, வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் தயாரானது. பார்க்க லட்சணமாக இருக்கும். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுக்கக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக்குகளுக்குக் கொண்டாட்டம். ஒரே ஒரு குறை. இரண்டே கதவுகள். பின்சீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன்சீட்டை மடக்கிவிட்டு, குனிந்து, வளைந்து உள்ளே நுழைய வேண்டும். மூட்டுவலிக்காரப் பாட்டியை அதற்குள் எப்படி ஏற்றுவது? நாலு கதவு வைத்த ஹெரால்ட் 1960-களின் கடைசியில்தான் வந்தது. அதற்குள் இந்த வீட்டில் ஹெரால்ட் பேச்சு முடிந்துவிட்டது.

அடுத்து அம்பாஸடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாவது வரிசைக் காரின் இந்தியப் பிறவி. கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரித்தது. 1957-ல் ஆரம்பம். பாட்டி, பேத்தி, ஊறுகாய் ஜாடி, ஹோல்டால் என்று ஒரு கூட்டுக் குடும்பத்தையே உள்ளே அடைத்துவிடலாம். என்ஜின் 1489 சி.சி. ஃபியட்டின் என்ஜின் 1089 சி.சி.தான். ஹெரால்ட் அதைவிடச் சின்னது, 948. பெட்ரோல் கணக்குப் பார்க்கும் வியாபாரிக்கு எது தோதுப்படும் என்று சொல்லவே வேண்டாம். ஆக, அண்ணன் சொல்வதும் சரி.

தம்பியின் கதைக்குத்தான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஏன் மூன்றே கார்கள்? அதற்கு முன்பு இந்தியாவில் வேறு கார்களே கிடையாதா? தாராளமாக இருந்தன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் உதிரி பாகங்களை இறக்கிக் கார்களைக் கோத்துக்கொண்டிருந்தது. ஃபோர்டும் இருந்தது. சுதந்திரம் வந்தது. 1951-ல் தொழில்கள் அபிவிருத்தி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1953-ல் டாரிஃப் கமிஷன் ஒரு கோடு போட்டது. இங்கேயே காரை உற்பத்தி செய்யும் திட்டம் இருப்பவர்கள் இருக்கலாம். வெளிநாட்டுச் சாமான்களை வைத்து வெறுமனே கோத்து விற்பவர்கள் நடையைக் கட்டலாம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கட்டிவிட்டன.

மிச்சமிருந்தவர்களில் கார் விஷயத்தில் முக்கியமானவர்கள் மூன்று பேர். கல்கத்தாவில் பிர்லா. பம்பாய் குர்லாவில் வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் ஆரம்பித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். இத்தாலிய ஃபியட்டை லைசென்ஸ் வாங்கிச் செய்தவர்கள் இவர்கள்தான். மூன்றாவது, சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி.

இதில் அரசாங்கத்தை எடுத்த எடுப்பில் திட்டிவிடவும் முடியாது. அன்னியச் செலாவணி அப்போது தங்கத்தைவிட அரிது. 1957-ல் கையிருப்பு மளமளவென்று கரைந்து பெரிய நெருக்கடியே வந்தது. இரும்பாலை கட்ட மிஷின் வேண்டும். பஞ்சம் வந்தால் கோதுமை வேண்டும். பஸ்ஸும் லாரியும் வேண்டும். இதற்கு நடுவே பணக்காரர் வீட்டு பிளஷர் காருக்கு டாலரையும் பவுண்டையும் செலவழிப்பதா? நியாயமான கேள்வி. ஆகவே யார் எத்தனை கார் செய்யலாம் என்பதை டெல்லி தீர்மானித்தது. மூன்று கம்பெனிகளும் சேர்ந்து வருஷம் பூராவும் உற்பத்தி செய்தது சில பத்தாயிரங்கள். இன்றைக்கு இந்தியாவில் ஒரு வருஷத்தில் விற்கும் கார்கள் நாற்பது லட்சத்துக்கு மேல்!

கார் குறைவு. கேட்பவர்கள் அதிகம். இப்படி இருந்தால் என்ன ஆகும்? விலை ஏறும். பி.காம். முதல் வருஷப் பொருளாதாரப் பாடத்தில் முதல் படமே அதுதான். தேவைக் கோடு ஒரு பக்கம் இறங்கும், அளிப்புக் கோடு ஒரு பக்கம் ஏறும், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விலை.

ஆனால் விலையும் ஏறக்கூடாது என்றது அரசாங்கம்.

1959-ல் மோட்டார் கார் விநியோகம், விற்பனை இரண்டையும் கட்டுப்படுத்த ஓர் ஆணை வந்தது. கார் வேண்டுமா? டீலரிடம் பெயரைப் பதிய வேண்டும். தபால் ஆபீஸில் சேமிப்புக் கணக்கு ஆரம்பித்து முன்பணம் போட்டு, பாஸ்புக்கை டீலர் பேருக்கு ஈடு வைக்க வேண்டும். பிறகு வரிசையில் நிற்க வேண்டும். வந்த காரைக் கொஞ்ச காலத்துக்கு யாருக்கும் விற்கவும் கூடாது. 1969-ல் இன்னும் ஒரு படி மேலே போய், கார் விலையையே சட்டபூர்வமாக நிர்ணயித்தார்கள். மூன்று கார்களுமே ஏறக்குறைய பதினைந்தாயிரம் ரூபாயை ஒட்டி நின்றன.

சுதந்திரா கட்சியை ஆரம்பித்த ராஜாஜி இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் ஒரு பெயர் வைத்தார். லைசென்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்யம். அரசியலில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நம்ம வீடுகளில் அதற்கு இருந்த பெயர் இன்னும் சுருக்கம். "லெட்டர் வந்துடுச்சா?"

ஆண்டர்சன் தெருக்காரர் லெட்டருக்காக எத்தனை வருஷம் காத்திருந்தார் தெரியுமா? ஏழு.

மற்ற இரண்டு வண்டிகளைவிட ஃபியட்டுக்குத்தான் வரிசை நீளம். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கல் கழிந்ததும், வெள்ளை வேட்டி சட்டையோடு மவுண்ட் ரோடில் டீலரிடம் போவாராம். அண்ணன் கூடப் போயிருக்கிறார். கவுன்ட்டரில் இருப்பவர் பெரிய நோட்டைப் புரட்டி ஒரு நம்பரைச் சொல்வார். போன வருஷத்து நம்பரைவிடக் குறைந்திருந்தால் அப்பா முகத்தில் ஒரு திருப்தி. திரும்பி வரும்போது பையனுக்கு ஐஸ்க்ரீம். பிறகு அடுத்த பொங்கல். இதற்கிடையில் அவர் புக் பண்ணிய மாடலே வழக்கொழிந்துவிட்டது. 1962-ல் அவர் பார்த்து ஆசைப்பட்ட ஃபியட்டில் முன்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். கடைசியில் வந்தது வேறு உருவம், 1100டி. யாருடைய முழங்காலுக்காக நாலு கதவு வண்டியாகப் பார்த்துப் பதிந்தார்களோ, அந்தப் பாட்டி 1967-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

1969-ல் ஒரு நாள் லெட்டர் வந்தது. அன்று சாயங்காலமே இன்னொருவரும் வந்தார். புரோக்கர்.

"லெட்டரை மட்டும் குடுங்க சார். நீங்க பணமே கட்ட வேண்டாம். நாங்க கட்டி வண்டிய எடுத்துக்கறோம். பேப்பர்ல உங்க பேரே இருக்கட்டும். மேல்கொண்டு உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க."

மேல்கொண்டு எவ்வளவு? இங்கேதான் மறுபடி மூன்று பேருக்கும் கருத்து வேறுபாடு. ஐயாயிரம் என்கிறார் அண்ணன். எட்டாயிரம் என்கிறார் தம்பி. தங்கைக்குத் தொகை ஞாபகமில்லை. "அன்னிக்கு ராத்திரி அம்மா சமைக்கல. அதுதான் ஞாபகம் இருக்கு" என்கிறார்.

ஏனென்றால், அந்த வருஷம் வியாபாரம் படுத்திருந்தது. வெளியில் பாக்கி நிறைய. பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அம்மாவின் கேள்வி நேரானது. "பொண்ணு கல்யாணத்துக்குக் கையில காசு இல்ல. வாசல்ல காரு நின்னு யாருக்கு என்னங்க ஆகணும்?"

அப்பாவின் பதில் அதைவிட நேரானது. "ஏழு வருஷம் நின்னிருக்கேன்."

தம்பி சொன்ன கதையும் நிஜம்தான், பார்த்தீர்களா? வாங்கிய அன்றே விற்றாலும் லாபம். உலகம் முழுக்க ஷோரூம் வாசலைத் தாண்டியதும் கார் விலை இறங்கும். இந்தியாவில் அன்றைக்கு ஏறியது! அக்கவுன்டன்ஸி படித்தவர்களுக்குத் தெரியும், தேய்மானத்துக்கு வாத்தியார் சொல்லித்தரும் உதாரணங்களில் ஒன்று மோட்டார் கார். வருஷா வருஷம் இத்தனை சதவிகிதம் கழி என்பார். ஆண்டர்சன் தெருப் பேரேட்டில் அந்த ஃபியட்டுக்கும் ஒழுங்காகத் தேய்மானம் எழுதியிருப்பார்கள். வெளியே மார்க்கெட்டில் அதன் விலை மேலே போய்க்கொண்டிருந்திருக்கும்.

இப்போது ஒரு கேள்வி. புரோக்கர் கொடுக்கத் தயாராக இருந்த அந்த ஐயாயிரமோ எட்டாயிரமோ, அது யாருடைய பணம்?

யோசித்துப் பாருங்கள். காருக்கு அதிகமாகக் கொடுக்க ஓர் ஆள் தயார். அந்த அதிகப் பணம் கம்பெனிக்குப் போயிருந்தால் புது மிஷின் வாங்கியிருக்கலாம், புது மாடல் செய்திருக்கலாம், இன்னும் நாலு பேருக்கு வேலை கொடுத்திருக்கலாம். அரசாங்கத்துக்கு வரியாகப் போயிருந்தால் நாலு பஸ் விட்டிருக்கலாம். இரண்டு பேருக்கும் போகவில்லை. வரிசையில் அதிர்ஷ்டமாக முன்னால் நின்றவருக்கும் நடுவில் புகுந்த புரோக்கருக்கும் போனது. அதுவும் கறுப்பில். ஏழைக்கு உதவாத பொருளின் விலையை ஏறவிடாமல் பிடித்து வைத்ததில் ஏழைக்கு ஒரு பைசா லாபமில்லை.

பணக்காரர்களாவது தவித்தார்களா? அதுவும் இல்லை. தூதரகங்கள் பயன்படுத்திக் கழித்த வெளிநாட்டுக் கார்களை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்கும். வசதி உள்ளவர்கள் அதில் வாங்கிக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர்கள்தான் பாஸ்புக்கை ஈடு வைத்துவிட்டு நின்றார்கள்.

கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. விலை கட்டுப்படியாகவில்லை என்று சுப்ரீம் கோர்ட் படியேறின. 1971-ல் தீர்ப்பு வந்தது. வழக்கு நடந்த காலத்தில் எத்தனை பக்கம் டைப் அடித்தார்களோ தெரியாது, காரில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. மாற்ற என்ன அவசியம்? என்ன செய்தாலும் வாங்க வாசலில் ஏழு வருஷ வரிசை நிற்கிறது. என்ன செய்தாலும் விலையை ஏற்ற முடியாது. பின்னே எதற்கு மெனக்கெட வேண்டும்? அம்பாஸடர் முகத்தைக் கொஞ்சம் மாற்றி மார்க் 2, மார்க் 3 என்றது. 1970-களின் தொடக்கத்தில் இத்தாலிக்காரர்களோடு இருந்த ஒப்பந்தம் முடிந்ததும் ஃபியட், அதே உடம்போடு 1974-ல் பிரீமியர் பத்மினி ஆனது. ராணி பெயர்!

வேடிக்கையைக் கேளுங்கள். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி உலகத்தையே உலுக்கின. இங்கே பெட்ரோல் விலை எகிறியது. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் கார் விற்பனை படுத்துவிட்டது. அரசாங்கத்தால் குறைக்க முடியாத வரிசையைப் பெட்ரோல் பங்க் குறைத்துவிட்டது. 1975-ல் விலைக் கட்டுப்பாடும் போனது.

நடுவே சஞ்சய் காந்தியின் கதை. ஜனங்களுக்கு மலிவாக ஒரு சின்னக் கார் என்ற யோசனை டெல்லியில் 1960-லிருந்தே கமிட்டி கமிட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. 1970-ல் வருஷத்துக்கு 50,000 கார் செய்ய சஞ்சய்க்கு அனுமதிக் கடிதம் கிடைத்தது. 1971-ல் மாருதி லிமிடெட். அரியானாவில் நிலம். பார்லிமென்டில் சண்டை. கார் மட்டும் வரவில்லை. 1980 ஜூனில் விமான விபத்தில் சஞ்சய் இறந்தார். அடுத்த வருஷம் அரசாங்கமே மாருதி உத்யோக் என்று புதுக் கம்பெனியை ஆரம்பித்தது. அதைக் கட்டி எழுப்பியவர் நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்துக் கருவேலிக்காரர், வி. கிருஷ்ணமூர்த்தி. கூட்டாளி, ஜப்பானின் சுசூகி. ஒப்பந்தம் கையெழுத்தானது 1982, காந்தி ஜெயந்தியன்று.

1983-ல் புக்கிங் திறந்தார்கள். தலைக்கு 10,000 ரூபாய் முன்பணம். இரண்டே மாதத்தில் ஒண்ணேகால் லட்சம் பேருக்கு மேல் கட்டினார்கள். பெருக்கிப் பாருங்கள், 125 கோடி ரூபாய்க்கு மேல்! கார் இன்னும் தொழிற்சாலையை விட்டு வெளியே வரவேயில்லை. யாருக்கு முதலில் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் தீர்மானித்தது. சிபாரிசுக் கடிதத்துக்கு வேலையில்லை. டிசம்பர் 14, 1983. டெல்லிக்காரர் ஹர்பால் சிங்கிடம் முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். நம்ம அண்ணனும் புக் பண்ணியிருந்தார். அவருக்கு இரண்டு வருஷம் ஆனது. "அப்பாவோட ஒப்பிட்டா நான் ராஜா" என்பார்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 1991-ல் பல தொழில்களுக்கு லைசென்ஸ் முறை போனது. அப்போதும் காரை மட்டும் விடவில்லை. 1993-ல்தான் விட்டார்கள். நடையைக் கட்டியிருந்த ஃபோர்டு திரும்பி வந்து, ஹெரால்ட் பிறந்த அதே ஜி.எஸ்.டி. ரோடில், மறைமலை நகரில் தொழிற்சாலை போட்டது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. ஸ்டாண்டர்ட் கம்பெனி அதையெல்லாம் பார்க்க இல்லை. 1980-களின் கடைசியிலேயே கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பத்மினி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றது. மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸிகள்கூட 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றன. அம்பாஸடர் 2014 மே மாதம் வரை தாக்குப்பிடித்தது.

நம்ம வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள், "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா?" என்று. வராதுதான். தகடு கனம், கதவைச் சாத்தினால் கேட்கும் சத்தமே தனி. ஆனால் அடுத்த தடவை அவர்கள் அப்படி ஆரம்பிக்கும்போது வண்டி எப்படி ஓடியது என்று கேட்காதீர்கள். வாங்க எத்தனை வருஷம் ஆனது, அந்த வருஷங்களில் வீட்டில் வேறு என்ன நடந்தது என்று கேளுங்கள். நம்ம பொருளாதார சரித்திரத்தில் பாதி அந்தப் பதிலில் இருக்கும். எந்த பட்ஜெட் உரையிலும் அது இருக்காது.

ஆண்டர்சன் தெருக்காரர் லெட்டரை விற்கவில்லை. கார் வந்தது. கலரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பெல்லாம் இல்லை. வந்த கலர்தான். இரண்டு வருஷம் கழித்து, 1971-ல், வட்டிக்குக் கடன் வாங்கிப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார். அந்தக் கடன் அடைய ஆறு வருஷம் ஆனதாம்.

தங்கையிடம் கேட்டேன். அப்பா மேல் கோபம் உண்டா?

"இல்லையே. எனக்கு முன்னாடியே வரிசையில நின்னது கார்தானே" என்றார்.